எந்த உயரத்தில் உறங்கப் போகிறீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்கினால் லடாக் பயணம் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை, மணாலி வழியிலும் ஸ்ரீநகர் வழியிலும் உள்ள உயர்ந்த கணவாய்களைச் சாலை மார்க்கமாகக் கடப்பது பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான், மனைவி, 12 வயது மகன் மூவரும் ஜூன் மாதம் மணாலியில் கார் எடுத்துக்கொண்டு லே செல்லவிருக்கிறோம். தூரம் 430 கிலோமீட்டர்தான் என்பதால் காலையில் புறப்பட்டு, சர்ச்சுவில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் மாலை லே சேர்ந்துவிடலாம் என்று எண்ணுகிறோம். இது சரியான திட்டமா?
– மதுரை வாசகர்

தயவுசெய்து இந்தத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் தூரத்தைக் கணக்கிட்டிருக்கிறீர்கள், உயரத்தைக் கணக்கிடவில்லை. மணாலி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுத்துறங்கினால், மெல்லிய காற்றுக்குப் பழகிக்கொள்ள உடலுக்கு அவகாசமே கிடைக்காது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, முந்தைய இரவு உறங்கிய இடத்தைவிட அடுத்த இரவு உறங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது என்பது மலை மருத்துவம் அறிந்தவர்கள் வகுத்திருக்கும் பொது விதி. பகலில் எவ்வளவு உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கினோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் கண்ணயர்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம்.

சர்ச்சுவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பலர் இதை வரைபடத்தில் கவனிப்பதில்லை. உயரத்தால் உடல்நிலை கெட்டால் உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. ஆனால் சர்ச்சுவிலிருந்து நேராகக் கீழே இறங்க வழியில்லை. மணாலிப் பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா லாவை (லா என்றால் கணவாய்) ஏறிக் கடக்க வேண்டும். லே பக்கம் போனாலோ காட்டா லூப்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, நகீ லாவையும், ஐயாயிரம் மீட்டருக்கு மேலுள்ள லாச்சுலுங் லாவையும் தாண்ட வேண்டும். அப்படித் தாண்டிய பிறகும் வருவது 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாங்தான். நோயாளியை இறக்குவதற்காக முதலில் அவரை இன்னும் மேலே ஏற்ற வேண்டிய இடம் அது.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவற்றைச் செய்தேன். உடன் வந்த நண்பர் சர்ச்சுவில் மாலையிலேயே தலை வலிக்கிறது என்றார். பயணக் களைப்பு என்று நினைத்து, சூடாக ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். நள்ளிரவுக்குப் பிறகு அவர் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்த சத்தத்தில் விழித்தேன். வாந்தியெடுக்க வெளியே போனவர், நாலடி தூரத்தில் இருந்த கல் வரிசையை நேராகத் தாண்டத் தெரியாமல் குடித்தவரைப் போலப் பக்கவாட்டில் சாய்ந்தார். அந்தத் தள்ளாட்டத்தின் பொருள் அன்று எனக்குத் தெரியாது. அது மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளமாக இருக்கலாம் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். கூடாரக்காரர் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரின் துணையோடு விடியும்வரை அவரை உட்காரவைத்து, வெளிச்சம் வந்ததும் பாராலாச்சாவை மறுபடி ஏறிக் கடந்து ஜிஸ்பாவுக்கு இறக்கினோம். அங்கே போன சில மணி நேரத்தில் அவர் கஞ்சி கேட்டுக் குடித்தார். பிழைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இரவை நீங்கள் உங்கள் மகனோடு கழிக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் பரிந்துரை, ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவது. உங்கள் மதுரையைத் தொட்டுச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வடமுனைதான் ஸ்ரீநகர். அதன் உயரம் சுமார் 1,585 மீட்டர். அங்கிருந்து சோனாமார்க் கடந்து, 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜி லாவை ஏறி, திராஸ் வழியாகக் கார்கில் சென்று முதல் இரவு தங்கலாம். கார்கில் சுமார் 2,680 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மறுநாள் நமிகா லா, இந்த வழியிலேயே மிக உயரமான 4,108 மீட்டர் ஃபோட்டு லா ஆகிய இரண்டையும் பகலில் தொட்டு இறங்கி, லாமாயுரு மடாலயத்தைப் பார்த்துவிட்டு, 3,500 மீட்டரில் இருக்கும் லேயை மாலையில் அடையலாம். 500 மீட்டர் விதிக்கு இதுவும் முழுமையாகப் பொருந்தாது; ஆகையால் கார்கிலில் இன்னோர் இரவு கூடுதலாகத் தங்க முடிந்தால் மிகவும் நல்லது. லேயில் முதல் 2 நாட்கள் எங்கும் போகாமல் ஓய்வெடுங்கள். விமானத்தில் நேராக லே வந்து இறங்குபவர்களுக்கு இந்த ஓய்வு இன்னும் கட்டாயமானது. ஒரு வாரம் லடாக்கில் கழித்து உடல் பழகிய பின் மணாலி வழியாக இறங்கும்போது, அதே சர்ச்சு உங்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

மணாலி வழியாகத்தான் ஏறியாக வேண்டும் என்றால், மணாலியில் 2 இரவுகள், சுமார் 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவில் 2 இரவுகள் தங்குங்கள். பிறகு ஜிஸ்பாவிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, சர்ச்சுவிலும் பாங்கிலும் உறங்காமல், 5,328 மீட்டர் டங்லாங் லாவையும் அன்றே கடந்து லே சேர்ந்துவிடுங்கள். நீண்ட பகல்தான், வண்டி ஓட்டுவதற்கு இருவர் இருப்பது நல்லது. இருப்பினும் உயரத்தைப் பகலில் கடந்து, தாழ்வில் உறங்குவது நடந்துவிடும்.

என் தாயாருக்கு 63 வயது. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரை அழைத்துப் போகலாமா? ஆக்சிஜன் டப்பா வாங்கி வைத்துக்கொண்டால் போதுமா?
– கோயம்புத்தூர் வாசகி

அழைத்துப் போகலாமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அம்மா. செல்லும் இடங்களின் உயரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று அவரிடம் காட்டுங்கள். கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தத்துடன் லடாக் சென்று திரும்பியவர்கள் நிறையப் பேர் உண்டு; இதய நோய், நுரையீரல் நோய், கடுமையான இரத்தசோகை உள்ளவர்களின் நிலை வேறு.

3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். டங்லாங் லா போன்ற இடத்தில் பாதிக்குச் சற்று மேல். கடைகளில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கணவாயின் உச்சியில் வெடித்துவிடுவதைப் போல உப்பி நிற்பதைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கமின்மை ஆகியவை, மருத்துவர்கள் ஏ.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் உயர்மலை நோயின் தொடக்க அறிகுறிகள். இவை தோன்றினால் மேற்கொண்டு ஏறாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல் வருவது, உதடு நீலம் பூப்பது, பேச்சு குழறுவது, ஒரே கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், இரவென்றும் பாராமல், பாதை அனுமதித்தால் உடனே இறக்கிவிட வேண்டும். இந்தத் தலைவலி இளைஞர், முதியவர் என்று பார்த்து வருவதில்லை. நன்றாக உடற்பயிற்சி செய்கிறவர்கள்தாம் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று மறைத்துவைத்து முற்றவிடுகிறார்கள்.

டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 2 வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குமாறு சொல்வார்கள். ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆபத்தாகலாம் என்பதாலும், உங்கள் தாயார் ஏற்கெனவே வேறு மாத்திரைகள் எடுத்துக்கொள்வதாலும், மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். சிறுநீர் அதிகம் போகும் என்பதால் தண்ணீரும் தாராளமாகக் குடிக்க வேண்டும். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

ஆக்சிஜன் டப்பாவைப் பொறுத்தவரை, கையடக்கமான அந்த டப்பாவில் இருப்பது சில நிமிடங்களுக்குத்தான் வரும். மனத்துக்கு ஆறுதல் தருமே தவிர, இறங்க வேண்டியவரை அங்கேயே தங்கவைக்க அது உதவாது. அதை நம்பி மேலே ஏறுவது, டப்பா இல்லாமல் ஏறுவதைவிட ஆபத்தானது. லேயை அடைந்த பின் ஐயம் இருந்தால், அங்குள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குத் தயங்காமல் செல்லுங்கள். உயரத்தால் வரும் நோய்களைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கிருக்கும் மருத்துவர்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பலமுறை காரோட்டியிருக்கிறேன். இமயமலைப் பாதை அதிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது?
– சேலம் வாசகர்

கொல்லிமலை கற்றுக்கொடுத்தவற்றில் பெரும்பகுதி அங்கும் உதவும். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல, நம் நாட்டுச் சாலை விதியே அதுதான். கியர் தானாக மாறும் கார் வைத்திருப்பவர்கள், இறக்கத்தில் கையால் கியரைக் குறைத்துப் பூட்டிவைக்கும் முறையைப் புறப்படும் முன்பே பழகிக்கொள்ள வேண்டும்.

நம் மலைகளில் இல்லாதது தண்ணீர்க் கணக்கு. அங்கே சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளை நாலா என்பார்கள். அவற்றில் ஓடுவது மழைநீரல்ல, மேலே உருகும் பனி. இரவில் பனி உறைந்திருப்பதால் காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் முழங்காலைத் தாண்டிக் கற்களை உருட்டிக்கொண்டு வரும். பாலங்கள் கூடிவிட்டதால் முன்பைப் போல நாலாக்கள் இப்போது இல்லை; ஆனால் இருப்பவை இதே கணக்கில்தான் ஓடுகின்றன.

பாராலாச்சாவுக்குக் கீழே அப்படிப்பட்ட ஒரு நாலாவில், எனக்கு முன்னால் நின்ற லாரி ஓட்டுநர் செய்ததை இன்றும் மறக்கவில்லை. அவர் இறங்கிக் கால்சட்டையை மடித்துக்கொண்டு, ஒரு குச்சியால் தரையைத் தட்டித் தட்டித் தண்ணீருக்குள் பாதி தூரம் நடந்தார். ஓரிடத்தில் குனிந்து, தலையளவு இருந்த ஒரு கல்லைப் புரட்டி ஓரமாகத் தள்ளினார். பிறகு வந்து முதல் கியரில் ஒரே சீராக, இடையில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தாமலும் கியர் மாற்றாமலும் கடந்துபோனார். அவருடைய சக்கரம் போன தடத்திலேயே நானும் போனேன். கரையேறிய பின் சற்றுத் தூரம்வரை பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டினால், நனைந்த பிரேக் உலர்ந்துவிடும் என்று கைச்சைகையாலேயே எனக்குச் சொன்னார்.

அதற்காக இருட்டிலேயே கிளம்பிவிடவும் கூடாது. வெயில் படாத வளைவுகளில் இரவில் உறைந்த நீர், தார் நிறத்திலேயே தெரியும் கண்ணாடி போன்ற பனிப் படலமாகக் கிடக்கும். அதில் பிரேக் பிடித்தால் வண்டி கேட்காது. பொழுது நன்றாகப் புலர்ந்ததும் கிளம்பி, அன்றைய பெரிய கணவாயை நண்பகலுக்குள் தாண்டிவிடுவதே நல்லது. ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் லே சேர நினைப்பவர்கள் விடியலிலேயே கிளம்பியாக வேண்டும் என்பதால், பாராலாச்சா ஏற்றத்தின் நிழல் வளைவுகளில் மிக மெதுவாகச் செல்ல வேண்டும். புதிதாக உதிர்ந்த கற்கள் கிடக்கும் சரிவின் கீழே படமெடுக்க நிற்காதீர்கள். அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தனவோ அங்கே இன்னும் கற்கள் இருக்கும். இராணுவ வண்டிகளின் வரிசை எதிரே வந்தால், மலைப்பக்கமாக ஒதுங்கி, கடைசி வண்டி போகும்வரை பொறுமையாக நில்லுங்கள்.

150 சிசி பைக்கில் போகலாமா? பெட்ரோலுக்கு என்ன செய்வது?
– திருநெல்வேலி வாசகர்

போகலாம், பலர் போகிறார்கள். காற்று மெலிவதால் 5,000 மீட்டருக்கு மேல் பைக் எஞ்சின் தன் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடுகிறது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டி, காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டி அப்படிச் செய்யாமல் கரும்புகை கக்கித் திணறும். எப்படியானாலும் இருவரும் மூட்டைகளுமாக ஏற்றிக்கொண்டு 150 சிசி வண்டியைக் கணவாயில் வருத்தாதீர்கள்.

மணாலி வழியில், சந்திரா, பாகா ஆகிய இரு ஆறுகளும் கூடிச் செனாபாக மாறும் டாண்டி என்ற இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த அங்குள்ள பலகை, பைக்கில் செல்பவர்களிடையே மிகவும் பெயர்பெற்றது. அங்கே டேங்க்கை நிரப்பி, கூடுதலாக 5 லிட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கேபிள் ஒன்றையும், நனையாத உறையில் இரண்டு ஜோடி காலுறைகளையும் மறக்காதீர்கள். நாலாவில் நனைந்த காலோடு டங்லாங் லா குளிர்காற்றில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை என்பதை எழுத்தில் சொல்லிவிட முடியாது. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் எண் ஒன்றாவது குழுவில் யாரிடமேனும் இருக்கட்டும்.

கர்துங் லாதான் உலகிலேயே உயரமான வாகனச் சாலையா?
– திண்டுக்கல் வாசகி

இல்லை. அங்கே நெடுங்காலம் நின்ற பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. ஆனால் நவீன அளவீடுகளின்படி அதன் உயரம் சுமார் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடிதான். கிழக்கு லடாக்கில் 19,024 அடி உயரமுள்ள உம்லிங் லாவில் எல்லைச் சாலைகள் அமைப்பு இட்ட சாலை, 2021இல் கின்னஸ் சான்றிதழ் பெற்றது. 'லா' என்ற திபெத்தியச் சொல்லுக்கே கணவாய் என்றுதான் பொருள் என்பதால், கர்துங் லா என்று சொன்னாலே போதும். உச்சியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். படம் எடுத்ததும் இறங்கிவிடுங்கள்.

தங்க இடம் கிடைக்காவிட்டால், கார் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரிலேயே உறங்கலாமா?
– ஈரோடு வாசகர்

கூடவே கூடாது. எஞ்சின் ஓடும் காரைச் சுற்றிப் பனி சேர்ந்து புகைக்குழாய் அடைபட்டால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கூடாரத்துக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்குவதும் இதே ஆபத்துதான்.

அடல் சுரங்கப் பாதை வந்துவிட்டது, சோஜி லாவுக்கும் ஷிங்கு லாவுக்கும் சுரங்கங்கள் வருகின்றன. இனிக் கணவாய்ப் பயணம் எளிதாகிவிடும் அல்லவா?
– சென்னை வாசகர்

அங்கே வாழும் மக்களுக்கு அது மிகப் பெரிய விடுதலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்படும்வரை, மணாலிக்கு அப்பாலுள்ள ரோத்தாங் கணவாய் பனியில் மூடிக்கொண்டால் லாஹௌல் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 6 மாதங்கள் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தது. பிரசவ வலி கண்ட பெண்ணையும் நெஞ்சுவலி வந்த முதியவரையும் கொண்டுசெல்ல, வானம் தெளிந்து ஹெலிகாப்டர் வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அவர்கள் காரில் ஏறினால் குல்லுவில் மருத்துவமனைக்குப் போய்விடலாம். சோஜி லாவில் சுரங்கம் முடியும்போது லடாக் மக்களுக்கும் குளிர்காலத்தில் அத்தகைய வழி கிடைக்கும்.

வெளியூரிலிருந்து போகும் நமக்கோ, சுரங்கம் எளிதாக்கியிருப்பது சாலையை மட்டுமே. உயரத்தை அது குறைக்கவில்லை. முன்பு 3,978 மீட்டர் ரோத்தாங்கை ஏறி இறங்குவதற்குள், சேற்றிலும் நெரிசலிலும் பாதி நாள் போய்விடும். வேறு வழியின்றி, கணவாய்க்கு அந்தப் பக்கமுள்ள கீலாங்கில் இரவு தங்குவார்கள். அந்தத் தாமதம்தான், தெரியாமலேயே, உடல் பழகுவதற்கு ஓர் இரவைக் கொடுத்துவந்தது. இப்போது பத்துப் பதினைந்து நிமிடத்தில் மலையின் அந்தப் பக்கம் வந்துவிடுவதால், மதிய உணவு வேளையில் கீலாங்கைத் தாண்டியவர்கள் "வெளிச்சம்தான் இருக்கிறதே" என்று வண்டியை விட்டு, பொழுது சாயும் முன் சர்ச்சுவில் போய் நிற்கிறார்கள். மிச்சமான அந்த அரை நாளை ஏறுவதில் செலவிடாதீர்கள். மதியம் 2 மணியே ஆகியிருந்தாலும் ஜிஸ்பாவில் வண்டியை நிறுத்தி, பாகா ஆற்றங்கரையில் மெல்ல நடந்துவிட்டு, அங்கேயே அறை எடுத்துத் தங்குங்கள்.